பக்கம் திறக்குமா, பழசைக் காட்டுமா? குடிகாட்டிலிருந்து ஒரு சர்வர் கதை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், சிப்காட் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். உப்பனாற்றை ஒட்டி ஆலைகள், ஆலைகளை ஒட்டி ஊர்கள். குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, சோனஞ்சாவடி. 1980-களில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து, ‘மழை வருமா?’ என்று கேட்பதுபோலவே ‘இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்?’ என்று கேட்பதும் இந்த ஊர்களுக்குப் பழகிப்போனது.

2021 மே 13. கொரோனா இரண்டாம் அலை ஊரையே முடக்கிப்போட்டிருந்த நேரம். அன்று காலையில் குடிகாட்டு சிப்காட்டில், பூச்சிமருந்து தயாரிக்கும் ஆலை ஒன்றில் விபத்து. நான்கு பேர் இறந்துபோனார்கள். பலரை மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2025 மே மாதத்தில் இன்னொரு ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, தண்ணீர் குடிகாட்டு வீடுகளுக்குள்ளேயே புகுந்தது.

இப்படியான காலையில் முதலில் கை போகும் இடம் செல்போன்தான். எந்த ஆலை? என்ன வாயு? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதா, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதா? கிளம்பினால் எந்தப் பக்கம்? வாட்ஸ்அப்பில் பத்து பதில் வரும். பத்தும் வேறு வேறாக இருக்கும். நம்பி ஒரு இடத்தில் பார்ப்பதற்கு ஊருக்கென்று ஒரு இணையதளம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அப்போது தோன்றும்.

அந்த யோசனை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 2004-ம் ஆண்டிலேயே சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் ‘சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ என்று ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். எத்தனை மணிக்கு, எந்த ஆலை ஓரமாக, என்ன மாதிரி நாற்றம் என்று நோட்டில் எழுதினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்தப் பதிவுகளை இணையத்திலும் ஏற்றினார்கள். வாளியும் நோட்டும் இணையமும் சேர்ந்த கண்காணிப்பு அது.

இன்றைக்கு அப்படி ஒரு தளம் தொடங்குவது பெரிய வேலையே இல்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேர்ட்பிரஸ் போட்டு முடித்துவிடுவான். வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவு. உலகத்தில் உள்ள இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அந்த வேர்ட்பிரஸில்தான் ஓடுகின்றன. சிக்கல் அங்கே இல்லை. வருடத்தில் 364 நாள் இருபது பேர் பார்க்கும் தளத்தை, மீதி ஒரே ஒரு நாளில், அதுவும் ஒரே அரை மணி நேரத்தில், இருபதாயிரம் பேர் தட்டுவார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் நம் வீடுகளில் நடக்கும் கூத்து நினைவிருக்கும். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பக்கம் வராது. அது ஊர்த் தளத்துக்கும் நடக்கும். ரிசல்ட்டுக்காவது அரை மணி காத்திருக்கலாம்.

தோசைக் கல்லும் ஹாட் பாக்ஸும்

வேர்ட்பிரஸ் தளத்தில் ஒரு பக்கத்தை நீங்கள் கேட்டால், அந்தப் பக்கம் தயாராக எங்கேயும் இருக்காது. கேட்ட பிறகுதான் சுடுவார்கள். பி.எச்.பி. என்ற மாஸ்டர் எழுந்து, டேட்டாபேஸ் என்ற சரக்கு அறைக்குப் பலமுறை ஓடி, தலைப்பு எடுத்து, படம் எடுத்து, மெனு எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பக்கமாக வார்த்துத் தருவார். இருபது பேர் வந்தால் இருபது தோசை. இருபதாயிரம் பேர் வந்தால் மாஸ்டர் மயங்கி விழுவார்.

இத்தனைக்கும் அந்த இருபதாயிரம் பேரும் கேட்பது ஒரே பக்கம். ஒரு எழுத்துகூட மாறாத பக்கம். அப்படியானால் ஒரு தடவை செய்து ஹாட் பாக்ஸில் வைத்து, வருகிறவர்களுக்கு எல்லாம் அதையே எடுத்துக் கொடுத்தால் என்ன? அதுதான் கேஷ். சிதம்பரத்துக் கடைகளில் காலையில் ஒரு அண்டா கொத்சு வைத்து இறக்கிவிடுவார்கள் அல்லவா? இலைக்கு இலை தனித்தனியாக யாரும் கத்தரிக்காய் சுடுவதில்லை.

வேர்ட்பிரஸுக்கு இந்த வேலையைச் செய்யும் பிளக்இன்கள் நிறைய. ஸ்பெயினைச் சேர்ந்த ரிக்கார்டோ கல்லி எழுதிய டபிள்யூபி கேஷ் என்பதை எடுத்து, அயர்லாந்தின் டோனகா ஓ கீவ் 2007-ல் டபிள்யூபி சூப்பர் கேஷ் ஆக்கினார். 2009-ல் ஃபிரெடரிக் டவுன்ஸின் டபிள்யூ3 டோட்டல் கேஷ் வந்தது. இலவசம், நிறுவுவதும் சுலபம், ஒரு பட்டனைத் தட்டினால் பச்சை விளக்கு எரியும். அந்தப் பச்சை விளக்கைத்தான் அப்படியே நம்பக் கூடாது.

கதவில் ஒட்டிய சீட்டு

இந்தப் பிளக்இன்கள் பிறந்த காலத்தில் சர்வர் என்றால் அப்பாச்சிதான். 1995-லிருந்து இருக்கும் பழைய, நல்ல ஆள். அதற்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை யாராவது வரும்போதும், அந்தந்த அறையின் கதவில் ஏதாவது சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும். அந்தச் சீட்டின் பெயர் எச்டிஅக்சஸ். முன்னால் ஒரு புள்ளி வைத்த, சாதாரணமாகக் கண்ணில் படாத ஒரு சின்னக் கோப்பு. ‘இந்தப் பக்கத்தைக் கேட்டால் முதலில் ஹாட் பாக்ஸைத் திறந்து பார், இருந்தால் கொடு, மாஸ்டரை எழுப்பாதே’ என்று அதில் எழுதி வைக்கலாம். சூப்பர் கேஷ் பிளக்இன் அந்தச் சீட்டைத் தானே எழுதிக்கொள்ளும். தளம் நடத்துகிறவருக்கு அப்படி ஒரு சீட்டு இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

பிறகு ஆள் மாறியது. ரஷ்யாவில் ராம்ப்ளர் நிறுவனத்தில் வேலை பார்த்த இகோர் சிசோயெவ், ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் வந்தால் எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வியோடு எழுதி 2004-ல் வெளியிட்டது என்ஜின்எக்ஸ். அப்பாச்சியின் பழைய வழக்கம், மேஜைக்கு ஒரு சப்ளையர். வாடிக்கையாளர் மெதுவாகச் சாப்பிட்டாலும் சப்ளையர் பக்கத்திலேயே நிற்பார். என்ஜின்எக்ஸில் நாலே சப்ளையர்கள் நூறு மேஜையையும் சுற்றி வருவார்கள். நினைவகம் குறைவாகத்தான் பிடிக்கும். மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 1 ஜி.பி. சர்வரில்கூட ஓடும். இணையத்தைக் கணக்கெடுத்தால் இன்றைக்கு அப்பாச்சியைவிட இதுதான் அதிகம்.

ஆனால், என்ஜின்எக்ஸ் கதவில் ஒட்டிய சீட்டைப் படிக்காது. தெரியாமல் இல்லை, வேண்டுமென்றேதான். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதவாகப் போய்ச் சீட்டு இருக்கிறதா என்று தேடுவது வீண் வேலை என்பது அதன் கொள்கை. விதி எல்லாம் முதலாளியின் மேஜையில் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். கடை திறக்கும்போது ஒரு தடவை படிக்கும், அவ்வளவுதான்.

நம் தம்பி, வேகமாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தளத்தை என்ஜின்எக்ஸுக்கு மாற்றுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கோப்புகளை அப்படியே நகல் எடுக்கிறான். தளம் திறக்கிறது. பிளக்இன் பச்சை விளக்கு காட்டுகிறது. ஹாட் பாக்ஸில் பக்கங்கள் மளமளவென்று சேருகின்றன. எல்லாம் சரி. ஆனால் ஹாட் பாக்ஸைத் திறந்து எடுத்துக் கொடுக்கச் சொன்ன சீட்டை யாரும் படிக்கவில்லை.

பக்கம் வரும். ஏனென்றால் சூப்பர் கேஷுக்கு ‘சிம்பிள்’ என்று இன்னொரு வழியும் உண்டு. மாஸ்டரே எழுந்து, சுடாமல், ஹாட் பாக்ஸிலிருந்து எடுத்துத் தருவார். டேட்டாபேஸ் ஓட்டம் மிச்சம். அதுவே பெரிய லாபம்தான், சின்னத் தளங்களுக்கு அது போதும் என்று பிளக்இன் எழுதியவர்களே சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் மாஸ்டர் எழுந்திருக்க வேண்டும். சின்னச் சர்வரில் மாஸ்டர்கள் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். இருபது பேர் வரும் நாளில் வித்தியாசமே தெரியாது. பிழைச் செய்தி வராது, எச்சரிக்கையும் வராது. கூட்டம் வரும் அந்த ஒரு நாளில்தான் தெரியும்.

அந்தச் சீட்டில் பூட்டும் இருந்தது

வேகம் போனது பாதிக் கதை. இன்னொரு பாதியைப் பலர் கவனிப்பதில்லை. அதே எச்டிஅக்சஸ் சீட்டில்தான் பல பிளக்இன்கள் ‘இந்த அறைக்குள் வெளியாள் வரக் கூடாது’ என்றும் எழுதி வைக்கின்றன. பேக்அப் வைக்கும் அறை, படங்கள் ஏற்றும் அறை, பதிவேடு அறை. சீட்டைப் படிக்காத சர்வருக்கு மாறியவுடன் அந்தப் பூட்டெல்லாம் திறந்துவிடும். ஆலையைப் பற்றிப் புகார் அனுப்பியவர்களின் பெயரும் போன் நம்பரும் அந்த பேக்அப்பில் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் குடிகாட்டுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சர்வர் மாற்றும் அன்று முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, இதைத்தான்.

சரி, என்ஜின்எக்ஸில் சூப்பர் கேஷை முழு வேகத்தில் ஓட்ட முடியாதா? முடியும். சீட்டில் இருந்ததை முதலாளி மேஜைக் கோப்பில் அதன் மொழியில் எழுத வேண்டும். ‘ட்ரை ஃபைல்ஸ்’ என்று ஒரு கட்டளை உண்டு. முதலில் ஹாட் பாக்ஸ், அங்கே இல்லையென்றால் நேரடிக் கோப்பு, அதுவும் இல்லையென்றால் மாஸ்டர் என்று வரிசை சொல்லிவிடலாம். அப்பாச்சியின் விதிகளை வரிக்கு வரி மொழிபெயர்க்கப் போனால் ஏகப்பட்ட ‘இஃப்’ வரும். ‘இஃப் தீயது’ என்ற தலைப்பில் என்ஜின்எக்ஸ்காரர்களே ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் கைவைத்தால் தளம் விநோதமாக நடந்துகொள்ளும்.

டபிள்யூ3 டோட்டல் கேஷ் இதில் ஒரு படி முன்னால். என்ஜின்எக்ஸில் ஓடுகிறோம் என்று தெரிந்தால், அதற்கு வேண்டிய விதிகளைத் தனிக் கோப்பாக எழுதித் தளத்தின் மூலக் கோப்புறையில் வைத்துவிடும். ஆனால் அதை முதலாளி மேஜைக் கோப்பில் சேர்ப்பதும், பிளக்இன்னில் எதையாவது மாற்றும்போதெல்லாம் சர்வரை மறுபடி படிக்கச் சொல்வதும் நம் வேலை. மாற்றியபின் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்காமல் ‘ரீலோடு’ கொடுப்பது நல்லது. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால்கூட, ரீலோடில் பழைய விதியோடு கடை தொடர்ந்து ஓடும். ரீஸ்டார்ட்டில் கடை மூடியபடியே கிடக்கும்.

வெறும் ஷேர்டு ஹோஸ்டிங் வைத்திருப்பவர்களுக்கு முதலாளி மேஜைக்கே போக அனுமதி கிடையாது. அவர்களுக்கு லைட்ஸ்பீட் ஓடும் ஹோஸ்டிங் கிடைத்தால் நிம்மதி. அது அப்பாச்சியின் சீட்டைப் படிக்கும். தன் சொந்தக் கேஷையும் சர்வருக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதற்கான வேர்ட்பிரஸ் பிளக்இன்னும் இலவசம். ஆனால் அதே பிளக்இன்னை என்ஜின்எக்ஸ் சர்வரில் போட்டால் படங்களைச் சுருக்குவது மாதிரி வேலைகள்தான் நடக்கும், பக்கக் கேஷ் நடக்காது. அங்கேயும் ஏமாறுகிறவர்கள் உண்டு. இலவசமான ஓப்பன் லைட்ஸ்பீடில் சீட்டை மாற்றினால் சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால்தான் புது விதி பிடிக்கும் என்பது இன்னொரு நுணுக்கம். சில ஹோஸ்டிங்கில் வாசலில் என்ஜின்எக்ஸும் உள்ளே அப்பாச்சியும் இருக்கும். அங்கே சீட்டு வேலை செய்யும். எது ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும்.

புனேயிலிருந்து ஒரு வழி

இந்தச் சிக்கலுக்கு இந்தியாவிலிருந்தே ஒரு நல்ல விடை வந்தது. புனேயில் ஆர்டிகேம்ப் நிறுவனத்தைத் தொடங்கிய ராகுல் பன்சால், அதற்கு முன் வலைப்பதிவர். தளத்தில் கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் கண்டவர். அவர்களுடைய வழியில் ஹாட் பாக்ஸ் வேர்ட்பிரஸிடம் இல்லை. என்ஜின்எக்ஸே வைத்துக்கொள்கிறது. மாஸ்டர் ஒருமுறை சுட்டுத் தந்த பக்கத்தை சர்வரே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவருக்குத் தானே கொடுத்துவிடும். ஃபாஸ்ட்சிஜிஐ கேஷ் என்று அதற்குப் பெயர். மாஸ்டர் தூங்கலாம். டேட்டாபேஸ் படுத்துவிட்டால்கூட பழைய பிரதியைக் கொடுக்கச் சொல்லி வைக்க முடியும்.

ஆனால் சர்வர் வைத்திருக்கும் ஹாட் பாக்ஸைப் பற்றி வேர்ட்பிரஸுக்குத் தெரியாது. தம்பி ‘வெளியேற வேண்டாம்’ என்பதை ‘உடனே வெளியேறுங்கள்’ என்று திருத்துகிறான். வேர்ட்பிரஸ் புதுப் பக்கத்தைச் சேமித்துவிட்டது. வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் பழைய பிரதியையே கொடுத்துக்கொண்டிருக்கிறது, சொன்ன கெடு முடியும்வரை. அது பத்து நிமிடமாக இருக்கலாம், ஒரு நாளாகவும் இருக்கலாம்.

அதற்காகத்தான் ஆர்டிகேம்ப்காரர்கள் என்ஜின்எக்ஸ் ஹெல்ப்பர் என்ற பிளக்இன்னை எழுதினார்கள். திருத்தியவுடன், ‘அந்தப் பக்கத்தின் பிரதியைத் தூக்கிப் போடு’ என்று சர்வருக்குச் சொல்லும் வேலை அதனுடையது. இலவச என்ஜின்எக்ஸில் அப்படித் தூக்கிப் போடும் வசதி கூடவே வருவதில்லை. தனி மாட்யூல் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஹெல்ப்பரே கோப்புறைக்குள் போய் அழிக்க வேண்டும். அப்படி அழிக்க அதற்கு அனுமதி இருக்க வேண்டும். சர்வர் ஒரு பயனர் பெயரிலும் பி.எச்.பி. இன்னொரு பெயரிலும் ஓடினால் அழிக்கும் கட்டளை சத்தமில்லாமல் தோற்கும். இங்கேயும் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

கணினித் துறையில் உண்மையிலேயே கடினமான வேலைகள் இரண்டுதான், ஒன்று கேஷைச் சரியான நேரத்தில் தூக்கிப் போடுவது, மற்றது பெயர் வைப்பது என்று நெட்ஸ்கேப்பில் இருந்த ஃபில் கார்ல்டன் சொன்னதாகத் துறையில் ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. தமிழ்த் தளங்களில் இந்த இரண்டும் சேர்ந்தே வந்து நிற்கின்றன.

‘குடிகாடு’ என்றால் 72 எழுத்து

வேர்ட்பிரஸில் தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழிலேயே அமையும். பார்க்க அழகுதான். ஆனால் கம்பிவழியே அது தமிழாகப் போவதில்லை. ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக மாறும். ‘குடிகாடு’ கண்ணுக்கு நாலு எழுத்து. கணினிக்குக் கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகச் சேர்ந்து எட்டுக் குறி. முகவரியில் 72 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு முகவரித் துண்டுக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. ‘குடிகாடு கடலூர் சிப்காட்’ என்று மூன்று சொல் எழுதினாலே இடைக்கோடுகளையும் சேர்த்துச் சரியாக 200 நிரம்பிவிடும். வாயுக்கசிவா, வெள்ளமா, இரத்ததான முகாமா என்று சொல்லும் நாலாவது சொல்லுக்கு இடமில்லை. அடுத்த அறிவிப்புக்கும் அதே மூன்று சொல்லில் தொடங்கினால், முகவரியின் வாலில் 2 என்று ஒரு எண் ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் எது புதுசு, எது பழசு என்று யாருக்குத் தெரியும்?

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. அந்தக் குறியீட்டில் ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். வேர்ட்பிரஸ் அவற்றைச் சின்ன எழுத்தில் எழுதும். முகவரிப் பெட்டியில் ஒருவர் தமிழிலேயே தட்டினால் பிரவுசர் அதே எழுத்துகளைப் பெரிய எழுத்தில் மாற்றி அனுப்பும். நமக்கு இரண்டும் ஒரே முகவரி. லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு. ஹாட் பாக்ஸில் சின்ன எழுத்தில் பெயர் எழுதி வைத்த பாத்திரத்தைப் பெரிய எழுத்தில் தேடினால் கிடைக்காது. மாஸ்டரை எழுப்ப வேண்டியதுதான். சர்வர் தானே கேஷ் வைத்திருந்தால் இன்னும் மோசம். ஒரே பக்கத்துக்கு இரண்டு பிரதி சேர்ந்துவிடும். ஹெல்ப்பர் பிளக்இன் வேர்ட்பிரஸுக்குத் தெரிந்த சின்ன எழுத்து முகவரியை மட்டும் அழித்தால், பெரிய எழுத்து வழியாக வந்தவர் பழைய பிரதியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் அண்ணன் போனில் ‘வெளியேறுங்கள்’, தங்கை போனில் ‘வெளியேற வேண்டாம்’.

என்ஜின்எக்ஸிலும் முகவரிக்கு இரண்டு வடிவம் உண்டு. வந்தது வந்தபடி ஒன்று, குறியீட்டைப் பிரித்துத் தமிழாக்கியது இன்னொன்று. பிளக்இன் குறியீட்டு வடிவில் கோப்புறை உண்டாக்கி, நாம் விதியில் தமிழாக்கிய வடிவத்தை எழுதிவிட்டால், ஆங்கில முகவரியுள்ள பக்கமெல்லாம் கேஷிலிருந்து பறக்கும். தமிழ் முகவரியுள்ள பக்கங்கள் மட்டும் மாஸ்டரை எழுப்பிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத் தளங்களுக்காக எழுதிய வழிகாட்டிகளில் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் பார்க்க முடியாது.

இதற்கு வைத்தியம் எளிது. தலைப்பைத் தமிழில் வைத்துக்கொண்டு, முகவரித் துண்டை மட்டும் கையால் சுருக்கமாக ரோமன் எழுத்திலோ தேதி எண்ணிலோ எழுதிவிடுவது. தமிழ் ஆர்வலர்களுக்குக் கொஞ்சம் மனசு வலிக்கும். அவசர அறிவிப்புப் பக்கங்களுக்காவது இதைச் செய்துவிடுவது நல்லது.

பக்கத்து மேஜை தட்டு

கேஷில் இன்னொரு ஆபத்து, யாருக்கு எதைக் கொடுப்பது என்பது. எல்லாருக்கும் ஒரே கொத்சு சரி. ஆனால் ஒருவருடைய பில்லை இன்னொருவர் மேஜையில் வைக்க முடியுமா? 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் அதுதான் நடந்தது. தாக்குதலைச் சமாளிக்க அவசரமாகப் போட்ட கேஷ் விதி தவறிப்போய், சுமார் 34,000 பேருக்கான பக்கங்கள் வேறு ஆட்களின் திரையில் தெரிந்தன. முகவரி, போன் நம்பரின் கடைசி எண்கள், வாங்கிய பொருள்கள் எல்லாம்.

அப்பாச்சியில் பிளக்இன் எழுதும் சீட்டில் இதற்கான காவலும் இருந்தது. உள்நுழைந்தவர் குக்கி வைத்திருந்தால், பின்னூட்டம் எழுதியவராக இருந்தால், கடவுச்சொல் போட்ட பக்கமாக இருந்தால், படிவம் அனுப்புகிறாரென்றால் கேஷைத் தொடாதே என்று. என்ஜின்எக்ஸுக்கு மாறும்போது இந்த ஒவ்வொரு வரியையும் நாமே எழுத வேண்டும். ஒன்று விட்டுப்போனால், நிர்வாகி பார்த்த பக்கம் அவருடைய மேல்பட்டையோடு ஊருக்கே தெரியலாம். வேகத்தை அளந்து பார்ப்பவர்கள் இதை அளப்பதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்கலாம். நார்வேயின் வெர்டென்ஸ் காங் பத்திரிகைக்காக டென்மார்க்கைச் சேர்ந்த பால்-ஹென்னிங் காம்ப் எழுதி 2006-ல் வந்த வார்னிஷ் என்ற கேஷ் மென்பொருளின் கதை இதற்குப் பதில் சொல்லும். அதற்கு முன் அந்தப் பத்திரிகை 12 கணினிகளில் கேஷ் வைத்திருந்தது. வார்னிஷ் வந்தபின் 3 போதும் என்றானது. பெரிய பத்திரிகைக்கு அது பணம் மிச்சம். 1 ஜி.பி. சர்வரில் ஊர்த் தளம் நடத்துகிறவருக்கோ, அந்தக் காலையில் பக்கம் திறக்கிறதா இல்லையா என்பதே இதில்தான் இருக்கிறது.

அறிவிப்புப் பக்கத்துக்கு மிக நீண்ட கெடுவும் வேண்டாம். என்ஜின்எக்ஸில் ஒரு நொடி, பத்து நொடி என்றுகூட கேஷ் வைக்கலாம். பத்து நொடிக்கு ஒருமுறை மாஸ்டர் ஒரே ஒரு பக்கம் சுட்டால் போதும். அந்தப் பத்து நொடியில் வரும் ஆயிரம் பேருக்கும் அதையே கொடுத்துவிடலாம். தூக்கிப் போடும் ஏற்பாடு தோற்றாலும் பழசு பத்து நொடிக்கு மேல் நிற்காது. சிக்கலான ஏற்பாடுகளைவிட இந்தச் சின்ன ஏற்பாடு பல நேரம் மேல்.

எல்லாம் முடித்தபின் சோதித்துப் பார்ப்பது எப்படி? தளத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிர்வாகிக்கு சர்வர் எப்போதும் புதுப் பக்கம்தான் கொடுக்கும். வெளியாள் மாதிரி, பிரவுசரின் மறைமுக ஜன்னலில் திறக்க வேண்டும். சர்வரின் பதிலில் ‘ஹிட்’ அல்லது ‘மிஸ்’ என்று ஒரு தலைப்பு வரி வரும்படி என்ஜின்எக்ஸில் ஒரே வரியில் சொல்லி வைக்கலாம். முதல் தடவை மிஸ், இரண்டாம் தடவை ஹிட் என்றால் ஹாட் பாக்ஸ் திறக்கிறது. சூப்பர் கேஷ் வைத்திருப்பவர்கள் பி.எச்.பி.யைச் சில நொடி நிறுத்திப் பார்ப்பார்கள். மாஸ்டர் இல்லாமலும் பக்கம் வந்தால் சரி, ‘502’ என்று வந்தால் சீட்டை இன்னும் யாரும் படிக்கவில்லை.

கடைசியாக இரண்டு போன் வேண்டும். ஒன்றில் வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்ட வேண்டும். இன்னொன்றில் அதே முகவரியைத் தமிழிலேயே கையால் தட்டச்சு செய்ய வேண்டும். அறிவிப்பில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு இரண்டையும் புதுப்பித்தால், இரண்டு போனிலும் அந்தச் சொல் மாறியிருக்க வேண்டும். பருவமழைக்கு முன்பே, காற்று வேறு பக்கம் அடிக்கும் ஒரு சாதாரண நாளில் இதைச் செய்து பார்த்துவிடலாம்.